பேச்சாளர் வராத அறை

மினியாபொலிஸ் மாநாட்டு மண்டபத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, எந்த உரைக்குப் போவது என்று லோரெட்டா ஹால்வர்சன் யோசித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காப்பி ஆறிவிட்டது. டுலூத்தில் ஏரி மீன்களில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சிறிய ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடுதான் பகலெல்லாம். சில மாதங்களாக ஒரு நஞ்சின் அளவு வரம்பைத் தாண்டியே வந்துகொண்டிருந்தது. இப்படியே போனால், கோடையில் அந்த மீனைத் தின்னாதீர்கள் என்று கரையெங்கும் பலகை வைக்க வேண்டும். அந்த அளவை ஏனோ அவள் மனம் ஏற்கவில்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் வெண்டல் மூச்சிரைக்க வந்தான்.

"இன்னும் இங்கயேவா உக்காந்திருக்க? பெரிய ஹால்ல புது மெஷினைப் பத்திப் பேசப்போறாங்க. எந்திரி, இடம் கிடைக்காது."

"நீ போ. மாடியில கடல்பறவை முட்டையில நஞ்சு அளக்குறதப் பத்தி ஒரு பேச்சு இருக்கு. நான் அதுக்குப் போறேன்."

"முட்டையா? நம்ம பொழப்பு மீன்ல, தாயே!"

"மீனும் முட்டைதானேடா போடுது."

அவன் தலையில் அடித்துக்கொண்டு ஓடினான்.

மாடி அறையில் இருபது பேர்கூட இல்லை. பேச வேண்டியவரின் விமானம் புயலில் மாட்டிக்கொண்டதாம். பாதிப் பேர் எழுந்து போனார்கள். "நேரம் கிடக்கு. யாருக்காவது சந்தேகம் இருந்தா பேசலாமே" என்றார் அவைத்தலைவர். லோரெட்டா கூட்டத்தில் வாய் திறக்கிறவள் அல்ல. அன்று என்னவோ எழுந்துவிட்டாள்.

"மீன்ல எனக்கு ஒரு அளவு வருது. நம்பவும் முடியல, தள்ளவும் முடியல."

முன்வரிசையில் பின்னல் ஊசியும் நூலுமாக இருந்த, ஹாலிஃபாக்ஸ் ஊரிலிருந்து வந்த ஒரு ஆராய்ச்சிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"முழு மீனையா அரைச்சீங்க?"

"ஆமா."

"அப்போ பித்தமும் சேர்ந்திருக்கும். பித்தத்துல இருக்குற ஒரு அமிலமும் அந்த நஞ்சும் கிட்டத்தட்ட ஒரே எடை. மெஷின் பாவம், என்ன பண்ணும்? முட்டையிலயும் அந்த அமிலம் உண்டு, நாங்களும் ரொம்ப நாள் ஏமாந்தோம். மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடி கரைசலைக் குழாயில கொஞ்சம் மெதுவா ஓடவிடுங்க, ரெண்டும் தனித்தனியா வெளிய வரும்."

"அது மட்டும் போதாது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கிளம்பினார். நஞ்சின் மூலக்கூறு மெஷினில் உடையும்போது விழும் வேறொரு துண்டையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். சாப்பாட்டு நேரம் வரை சண்டை ஓயவில்லை.

ஊர் திரும்பியதும் லோரெட்டா இரண்டு வழியையும் செய்து பார்த்தாள். திரையில் ஓடும் அளவுக்கோட்டில் ஒற்றை மலையாக நின்றது இரண்டாகப் பிரிந்தது. பெரியது பித்தம். சின்னது நஞ்சு; இருக்கத்தான் செய்தது, ஆனால் வரம்புக்குள்.

வெண்டல் திரையில் இரண்டு மலைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சரி, நான் பார்த்த புது மெஷினைப் பத்திச் சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லு, கேக்குறேன்" என்று நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். அந்தக் கோடையில் பலகை வைக்கவில்லை.