சந்திரப் படையை விட்டு ஓடியவன்

1972 கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்க் கோயில் உபதேசியார் லூர்துராஜ் எழுதிய நாடகத்தில், சந்திரனிலிருந்து ஒரு பட்டாளம் வந்து இறங்கியது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான். பக்கத்து ஊரான படப்பையைக்கூடத் தாண்டாத மனிதர் அவர்.

கதை இது. பூமியை எரிக்க வந்த சந்திரச் சிப்பாய் ஒருவன், குடிசை வாசலில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும் தாயைப் பார்த்து மனம் மாறுகிறான். துப்பாக்கியை வீசிவிட்டுப் படையை விட்டு ஓடுகிறான். பூமியின் ஜனங்கள் அவனை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

அந்த வேடம் சூசையம்மாளின் ஒரே மகன் கிறிஸ்துதாஸுக்கு. அவன் நிஜப் பட்டாளத்துக்காரன், லீவில் வந்திருந்தான். லீவு எப்போதோ முடிந்துவிட்டது, அது அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். எல்லைச் சண்டையில் அவன் சுட்ட எதிரிச் சிப்பாயின் சட்டைப் பையில், பாதி தின்ற பொரிப் பொட்டலம் இருந்தது. அதன் பிறகு அவனால் துப்பாக்கியைத் தொட முடியவில்லை.

மேடையில் வெள்ளிப் பெயின்ட் அடித்த சைக்கிள் பம்புதான் துப்பாக்கி. அதைக் கீழே வைத்தவன் வசனத்தை மறந்து தேம்பித் தேம்பி அழுதான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். லூர்துராஜ் மேடையேறி அவனுக்குச் சிவப்புத் துண்டு போர்த்தினார். கொட்டகை அதிரக் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை அவன் நம்பிவிட்டான், பைத்தியக்காரன்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று சொன்னான்: "நானும் ஓடியாந்தவன்தான். இனிமே யாரையும் சுட மாட்டேன். நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்."

பக்கத்து வீட்டு மரியஜோசப்தான் முதலில் வாயைத் திறந்தார். "என் புள்ளைங்க ரெண்டும் பட்டாளத்துக்கு எழுதிப் போட்டுகினு கீதுங்க. ஓடியாந்தவன் ஊருன்னு தெரிஞ்சா சேத்துக்குவானா?"

கிறிஸ்துதாஸ் லூர்துராஜைப் பார்த்தான். "உபதேசியாரே, நீங்க எழுதினதுதானே?"

"டேய், அது நாடகம்டா" என்றார் அவர். கதை எழுதியவருக்கே கதையில் நம்பிக்கையில்லை.

மரியஜோசப் சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லப் போனார். "ஓடிடுடா" என்று சூசையம்மாள் மகனைப் பிடித்துத் தள்ளினாள்.

"எங்கேம்மா ஓடறது? ஓடியாந்ததே இங்கதானே."

போலீஸ் ஜீப்பில் ஏறும்போதும் அந்தச் சிவப்புத் துண்டு அவன் தோளில் கிடந்தது. அவன் திரும்பி வரவேயில்லை. சூசையம்மாள் விசாரித்துப் போன இடத்திலெல்லாம் வேறு இடத்தைக் கை காட்டினார்கள்.

மரியஜோசப்பின் பிள்ளைகளைப் பட்டாளம் எடுக்கவுமில்லை. மார்பளவு போதவில்லையாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அதே நாடகம், மூத்தவனுக்குச் சிப்பாய் வேடம். அவன் பம்பை வீசியதும் வழக்கம்போலக் கை தட்டினார்கள்.

கூட்டத்தின் நடுவே சூசையம்மாள் எழுந்து நின்றாள்.

"தட்டாதீங்க" என்றாள். "அந்தப் புள்ள நெசம்னு நம்பிடப் போவுது."