எரிமலைப் படிவத்தில் அப்பாவின் வயது

தகப்பனுக்கு அறுபது வயது வருகிறதென்றால் ஒரு மண்டபம் எடுத்து, கேக் வெட்டி, வந்தவர்களுக்கு ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு போட்டு அனுப்புவதுதான் ரொறன்ரோவில் நம்மவர் வழக்கம். மகள் செரீனாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஐஸ்லாந்தில் ஒரு எரிமலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஹோல் எடுக்கினம் அப்பா. நாங்கள் லாவாவுக்கு மேல நடப்பம்," என்று சொல்லி, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்த தாய்தகப்பன் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். ஆடி மாதம், ஒரே நாள் நடை, இருபத்துநான்கு கிலோமீற்றர். முதல் ஆறு கிலோமீற்றர் உறைந்துபோன எரிமலைக் குழம்பின் மேல். தடுக்கி விழுந்தால் உள்ளங்கையில் தோல் மிஞ்சாது, ஆகவே கையுறை. பிறகு கறுப்புச் சாம்பலில் செங்குத்தான ஏற்றம். அதற்கும் மேலே புகை கக்கும் பள்ளம். காற்று மாறிப் புகை முகத்துக்கு வந்தால் சுணங்காமல் மேட்டுப் பக்கம் ஏறிவிட வேண்டுமாம். ஒதுங்கி நிற்க வழியில் ஒரு மரம் கிடையாது. எங்கே தண்ணீர் குடிப்பது, எங்கே சப்பாத்தைக் கழற்றி மண் தட்டுவது என்பது வரைக்கும் மூன்று நிறத்தில் அடையாளம் போட்டு வைத்திருந்தாள்.

அப்பா றிச்சர்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருடைய கண் மட்டும் பக்கத்தில் கிடந்த பயணப் படிவத்திலேயே நின்றது. வயது என்ற இடத்தில் செரீனா அறுபது என்று எழுதியிருந்தாள். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் இதயத்தைச் சோதித்து டொக்டரின் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. றிச்சர்ட்டுக்கு உண்மையில் அறுபத்தாறு. அதைவிடப் பெரிய சங்கதி, அவர் றிச்சர்ட்டே இல்லை.

அவருடைய பெயர் பத்திநாதன், பேசாலை மீனவர் அமிர்தநாதரின் மூத்த மகன். றிச்சர்ட் அவருடைய தம்பி, ஆறு வயது இளையவன். எண்பத்தாறில் ஏஜென்ற்றைப் பிடித்துக் கனடாவுக்கென்று பாஸ்போட் செய்தது தம்பிக்குத்தான். பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, கடைசியாக ஒருதரம் என்று கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளம் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. உடல் கிடைக்காதபடியால் மரணப் பதிவும் இல்லை. தாய் அழுது முடிப்பதற்கு முதலே பெரியவனைக் கூப்பிட்டாள். "உனக்கும் அவனுக்கும் ஒரே முகம். நீ போ. ஒரு பிள்ளையாவது எனக்கு உயிரோட இருக்கட்டும்" என்றாள்.

இருபத்தேழு வயதுக்காரன் இருபத்தொரு வயதுக்காரனாக ரொறன்ரோவில் வந்து இறங்கினான். வந்ததும் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். அகதி வழக்கில் முதல் வரியே பொய்யென்றால் மற்ற வரிகளை யார் நம்புவது? பயந்து விட்டுவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். என்ன, ஆயுள் முழுக்க அந்தச் சோற்றையே தின்ன வேண்டும்.

முப்பத்தொன்பது வருடமாகத் தின்கிறார். காகிதத்தில் பென்சன் வயது வராதபடியால் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் தொழிற்சாலையில் இன்னும் எட்டு மணித்தியாலம் நிற்கிறார். குடும்ப டொக்டரும் தம்பியின் வயதை வைத்துத்தான் இவருடைய இரத்தத்தைப் பார்த்து "நல்லா இருக்கிறீங்கள்" என்கிறார். எல்லாம் தெரிந்தவள் மனைவி எமில்டா மட்டும். அவளுக்கு வாயால் பொய் சொல்லும் கஷ்டம் வரவில்லை. கட்டினவன் பெயரை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்கு ஏது? "இஞ்சாருங்கோ" என்பதிலேயே முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

செரீனா கேள்வி கேட்கும் வயதுக்கு வந்தபோது இன்னொரு பொய் தேவைப்பட்டது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த தம்பியின் படத்தைக் காட்டி "இது ஆர் அப்பா?" என்றாள். "பத்திநாதன் பெரியப்பா, கடலில போனவர்" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து வருடாவருடம் வைகாசியில், தம்பி காணாமற்போன கிழமைக்கு, கோயிலில் இறந்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும் சீட்டிலும் பத்திநாதன் என்றே எழுத வேண்டியதாயிற்று. பாதிரியார் சுவாமி பீடத்தில் நின்று இவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி ஆத்தும இளைப்பாற்றி கேட்பார். இவர் முழங்காலில் நின்று ஆமென் சொல்வார். செத்த தம்பிக்கு அவன் பெயரில் ஒரு பூசை கூட இல்லை. அந்த வெட்கம் அவரை ஒவ்வொரு வைகாசியிலும் தின்றது.

எரிமலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்க்காமலில்லை. முழங்கால் நோகுது என்றார். செரீனா பிசியோவுக்கு நாள் எடுத்துவிட்டாள். வேலையில் லீவு தரமாட்டார்கள் என்றார்.

"அப்பா, சீரியஸ்லி? எங்களோட நீங்கள் ஒரு இடமும் வந்ததில்லை. பாஸ்போட் காட்டுற இடமெண்டாலே உங்களுக்கு வேலை வந்திடும். எனக்கு இருபத்தொன்பது வயசு. ஒருக்கா, ஒரே ஒருக்கா என்னோட வாங்கோவன்."

அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

பயிற்சிக்குப் புதுச் சப்பாத்து வந்தது. முதுகுப் பையில் நான்கு போத்தல் தண்ணீரோடு ஒருநாள் விட்டொருநாள் பதினான்கு மாடியும் படியால் ஏற வேண்டும் என்பது மகளின் கட்டளை. லிஃப்ற் பாதிநாள் வேலை செய்யாத அந்தக் கட்டடத்தில் படி ஏறுவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் மூன்றாம் கிழமை, ஒன்பதாம் மாடியில், யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றியது போல இருந்தது. படியிலேயே குந்திவிட்டார். தேடி இறங்கி வந்த எமில்டா அவருடைய சட்டையைத் தொட்டுப் பார்த்துப் பயந்துபோனாள்.

"இஞ்சாருங்கோ, வேர்த்து ஊத்துது. நாளைக்கே டொக்டரிட்டப் போவம். பிள்ளையிட்டயும் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்ல? உன்ர கொப்பன் கள்ளன் எண்டோ?"

"அந்தக் கல்லுக்கு மேல விழுந்து செத்தா அப்ப சொல்ல ஏலாது. நான்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்காட்டிப்போட்டன் எண்டு அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் அழும். உங்களுக்கு அது சரியோ?"

அவர் டொக்டரிடமும் போகவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் படிவம் அனுப்புவதாக இருந்தது. அதே ஞாயிறுதான் தம்பியின் பூசையும்.

ஞாயிறு கோயில் வாசலில் சீட்டை எடுத்தார். பழக்கத்தில் கை "ப" என்று தொடங்கிவிட்டது. அதை வெட்டிவிட்டு, எழுத்தெழுத்தாக, "மரித்த அமிர்தநாதர் றிச்சர்ட்" என்று எழுதிப் பெட்டியில் போட்டார். மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாதவர் சுவாமியின் வாயால் சொல்லவைத்தார். கோழைத்தனம்தான். ஆனாலும் முப்பத்தொன்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அது.

பூசையில் சுவாமி அந்தப் பெயரை வாசித்தார். இரண்டு வரிசை முன்னால் இருந்த யோகமலர் அன்ரி திடுக்கிட்டுத் திரும்பி, றிச்சர்ட் உயிரோடு இருப்பதைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டாள். செரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, ஃபாதர் உங்கட பேரை வாசிச்சுப்போட்டார்," என்று காதுக்குள் சொன்னாள். தகப்பன் முழங்காலில் நின்றபடி வாய்விட்டு அழுவதைக் கண்டதும் அவளுடைய சிரிப்பு நின்றது.

பூசை முடிந்து வெளியே வந்ததும், "நான் போய் ஃபாதரிட்டப் பிழையைச் சொல்லுறன்," என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். "வேண்டாம் பிள்ளை. சுவாமி சரியாத்தான் வாசிச்சவர். எழுதினது நான்தான்."

காருக்குள் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். தம்பி, பாஸ்போட், படம், பூசை, கடைசியில் ஒன்பதாம் மாடி. செரீனா ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தாறோ? நெஞ்சுக்குள்ள வருத்தத்தோட நான் சொன்னதுக்காக ஏறினீங்களோ? நான் உங்களைச் சாக்காட்டியிருப்பன் அப்பா!" என்று கத்தினாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து அறுபது என்றிருந்ததைப் பேனையால் கோடு போட்டு வெட்டினாள். வெட்டிய கை அப்படியே மேல் வரியில் நின்றது. அங்கே விண்ணப்பிப்பவர் என்று அவளுடைய பெயர் இருந்தது. தகப்பன் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்து, செரீனா றிச்சர்ட்.

"அப்ப என்ர பேரில இருக்கிறது..."

"சித்தப்பா," என்றார்.

"அப்ப நீங்கள்? உங்கட பேர் எது? உங்கட வாயால சொல்லுங்கோ."

அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெயரைத் தன்னுடையதாகச் சொல்லி முப்பத்தொன்பது வருடம். சத்தம் வரவில்லை.

"பத்திநாதன்," என்றாள் பின்சீற்றில் இருந்த எமில்டா. "கொப்பற்ற பேர் பத்திநாதன்."

அவர் திரும்பி, முதன்முதலாகத் தன் பெயரை வாய்விட்டுச் சொன்ன மனைவியைப் பார்த்தார். செரீனா காரை எடுக்கவில்லை. படிவம் அவள் மடியிலேயே கிடந்தது.