மூன்று தொட்டியும் நூற்றெண்பது கோப்பையும்

தங்கேஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, சல்லியிலேயே மணம் முடித்தவர். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் பள்ளிக்கூடம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. ஒரு தடவை திறந்தபோது இவர் போகவில்லை, அவ்வளவுதான். கணவர் வினோதன் படகு எஞ்சின் திருத்துபவர். தங்கேஸ்வரி நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலின் குசினிக்குப் பின்னால் சாப்பாட்டுக் கோப்பை, அதாவது சோற்றுத் தட்டு, கழுவுபவர். பத்தொன்பது வருடங்களாக அதே வேலை. அதற்குள் சமையல்காரர்கள் மூன்று பேர் மாறினார்கள், முதலாளியும் ஒருமுறை மாறினார். கழுவுகிறவர் மட்டும் மாறவில்லை.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு கடும் வறட்சி வந்தது. ஹோட்டல் கிணறு உவர்த்துப் போனது. பவுசர் லொறியில் வந்த தண்ணீர் வெள்ளைக்காரர் குளிப்பதற்கே போதாது. குசினிக்குப் பின்னால் வழக்கமாக வரும் தண்ணீரில் காற்பங்குதான் வந்தது, கோப்பைகளோ குறையவில்லை. இரண்டு நாள் தங்கேஸ்வரி திண்டாடினார். மூன்றாம் நாள் வினோதனைக் கூட்டிக்கொண்டு போய், பழைய தகரப் பரல்களைப் பாதியாக வெட்டுவித்து, கல் அடுக்கி, மூன்று தொட்டிகளைப் படிபோல ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தார்.

நல்ல தண்ணீர் மேல்தொட்டியில் மட்டும் விழும். அது நிறைந்து நடுத்தொட்டிக்கு வழியும். நடுத்தொட்டி நிறைந்து கீழ்த்தொட்டிக்கு வழியும். தண்ணீர் மேலிருந்து கீழே வர, கோப்பை கீழிருந்து மேலே போகும். மிச்சம் வழித்த கோப்பையை முதலில் கீழ்த்தொட்டியில் தேசிக்காய்த் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார், நடுவில் அலசுவார், மேலே முக்கி எடுப்பார். கடைசியாக ஒரு பெரிய கிடாரத்துக் கொதிநீரில் ஒரு முக்கு. சுடச்சுட எடுத்துச் செங்குத்தாக நிறுத்தினால் கடற்காற்றில் தானாகவே காய்ந்துவிடும், துணியே வேண்டாம். கீழ்த்தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் வேலியோரத்து வாழைகளுக்குப் போனது. மழை வந்து கிணறு தேறிய பிறகும் அவர் இந்த முறையை விடவில்லை. மனேஜர் சிவகுருநாதன் அந்தப் பக்கம் வந்து பார்த்ததுமில்லை.

போன வருடம் நகரத்தில் சில பேர் சேர்ந்து 'கரைக்கூடல்' என்று ஒரு விழா வைக்கத் தீர்மானித்தார்கள். ஒரு ஊர் கெடாமல் நீடித்து வாழ எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை வரைந்தும், செய்தும், நடித்தும் காட்டுகிற விழா. வடிவமைப்புப் படித்த நிவேதிகா, ஓவியர் சசிகரன், கணித ஆசிரியை றிஷானா மூவரும் முன்னின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடக்கும். அங்கே தேநீர் ஊற்றிக் கப் கழுவ ஒருவர் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதால், லீவு நாளில் தங்கேஸ்வரி போனார்.

இரண்டாவது கூட்டத்தில் நிவேதிகா சுவர் முழுக்கப் பெரிய தாள் ஒட்டி, விழாவின் மதியச் சாப்பாட்டை வரைந்தாள். அரிசி கிளிவெட்டி வயல்களிலிருந்து வருகிறது, மீன் சல்லியிலிருந்து வருகிறது. உமி, தவிடு, மீன் கழிவு எல்லாவற்றுக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்தது. அறுநூறு பேருக்குச் சோறு சுற்றும் லஞ்ச் சீற்றுக்கு மட்டும் இடமில்லை. அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளிலிருந்து புறப்பட்ட அம்புக்குறி நேரே கடலுக்குப் போய் நின்றது.

"இதை என்ன செய்யிறது?" என்று நிவேதிகா கேட்டாள்.

வாழையிலை என்றார் ஒருவர். அவ்வளவு இலைக்கு எங்கே போவது என்றார் இன்னொருவர். கோயில்களிலும் பள்ளிவாசலிலும் கேட்டால் நூற்றெண்பது சில்வர் கோப்பை இரவல் கிடைக்கும் என்றார் றிஷானா. "அறுநூறு பேருக்கு நூற்றெண்பது கோப்பையா?" என்று பலரும் சிரித்தார்கள்.

தேநீர்த் தட்டோடு நின்ற தங்கேஸ்வரி, "காணும், அது போதும்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு முகம் சூடேறியது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

"ஒராள் சாப்பிடப் பன்னிரண்டு நிமிசம். வழிச்சுக் கழுவ நாலு. காய மூண்டு. திரும்பச் சோத்துக்காரரிட்டப் போக ஒண்டு. இருவது நிமிசத்தில அதே கோப்பை திரும்பி வந்திடும். நீங்கள் கோப்பையை எண்ணுறீங்கள். அது எத்தினை தரம் சுத்துது எண்டு எண்ணுங்கோ."

றிஷானா ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். இருபது நிமிடத்துக்கு நூற்றெண்பது. மணிக்கு ஐந்நூற்று நாற்பது. அவர் தாளை நிவேதிகாவிடம் நீட்டினார்.

"அக்கா, இது உங்களுக்கு என்னண்டு தெரியும்?" என்று நிவேதிகா கேட்டாள்.

"நான் கோப்பை கழுவுறனான், பிள்ளை."

அடுத்த நாளே மூன்று பேரும் நிலாவெளிக்கு வந்து, ஹோட்டல் பின்வாசலால் நுழைந்து தொட்டிகளைப் பார்த்தார்கள். நிவேதிகா அரை மணி நேரம் தண்ணீர் இறங்குவதையும் கோப்பை ஏறுவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நாங்கள் நாலு வருசம் இதைத்தான் படிச்சனாங்கள், அக்கா. ஆனா ஒருத்தரும் எங்களுக்குச் செய்து காட்டேல்ல" என்றாள்.

கழுவும் இடத்தைச் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் படங்கு கட்டி மறைத்து வைப்பதாகத்தான் முதலில் திட்டம். தங்கேஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. "பின்னால வைச்சா கோப்பை சனத்தைச் சுத்திக்கொண்டு வரவேணும். நாலு நிமிசம் பத்தாகும். திடலுக்கு நடுவில வையுங்கோ." அதற்கு மேலும் ஒரு காரணம் அவர் மனதில் இருந்தது, அதை வீட்டில் வினோதனிடம் மட்டும்தான் சொன்னார்.

முதல் ஒத்திகை தோற்றது. நாற்பது பேருக்கு மீன்கறிச் சோறு கொடுத்துப் பார்த்தார்கள். பதினைந்தாவது கோப்பையிலேயே கீழ்த்தொட்டியில் எண்ணெய் படர்ந்தது. இருபத்தைந்தாவது கோப்பை மேல்தொட்டியிலிருந்தே வழுக்கிக்கொண்டு வந்தது. கொதிநீரும் அதைப் போக்கவில்லை. ஹோட்டலில் எண்ணெய்ச் சாப்பாடு குறைவு. இவ்வளவு வேகமும் இல்லை. குழுவில் சிலர், இது சரிவராது, பேசாமல் லஞ்ச் சீற்றையே வாங்குவோம் என்று கதைக்கத் தொடங்கினார்கள். தங்கேஸ்வரி தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீடு திரும்பினார்.

வினோதன் கொட்டிலில் எஞ்சின் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தார். நிலத்தில் ஒயில் ஊற்றுப்பட்டுக் கிடந்தது. அவர் ஒரு பிடி மரத்தூளை அள்ளி அதன்மேல் எறிந்து கூட்டித் தள்ளினார். பார்த்துக்கொண்டிருந்த தங்கேஸ்வரி கேட்டார்:

"தவிடு போட்டாலும் உப்பிடி இழுக்குமோ?"

"ஏன் இழுக்காது?"

அடுத்த ஒத்திகையில், மிச்சம் வழித்த கோப்பையில் ஒரு பிடி தவிட்டைத் தூவி, தேங்காய்ப் பொச்சு நாரால் ஒரு சுற்றுச் சுற்றித் தட்டினார்கள். எண்ணெய் முழுவதும் தவிட்டோடு போய்விட்டது. நாற்பதாவது கோப்பை பளிச்சென்று வந்தது. அந்தத் தவிட்டையும் சோற்று மிச்சத்தையும் கோழிக்கும் மாட்டுக்கும் எடுத்துக்கொள்வதாகக் கிளிவெட்டி ஆட்கள் சொன்னார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, கொதிநீரில் தெர்மாமீற்றரை விட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

விழா ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. உள்துறைமுகக் கரையில் ஒரு திடல். வாசலில் சசிகரன், கரையில் பொறுக்கிய பழைய லஞ்ச் சீற்றுகளைக் கழுவித் தைத்து உயரமான படகுப் பாய் ஒன்றை ஏற்றியிருந்தார். வெயில் பட்டதும் அது மீன் செதில்போல மினுங்கியது. திடலின் நடுவில் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழிவது தெரியும்படி கண்ணாடிக் குழாய்கள். அவற்றின் பின்னால் தங்கேஸ்வரியும் சல்லியிலிருந்து அவர் கூட்டிவந்த ஆறு பெண்களும். பக்கத்தில் ஒரு கம்பிக்கூடு; அன்றைய குப்பை முழுவதும் அதற்குள் தெரிய வேண்டும் என்பது நிவேதிகாவின் ஏற்பாடு.

பன்னிரண்டு மணிக்குச் சோறு தொடங்கியது. அரை மணி நேரம் எல்லாம் சொன்னபடி நடந்தது. அதற்குள் மூதூரிலிருந்து படகுகளில் சனம் வந்தது. குச்சவெளியிலிருந்து இரண்டு பஸ் வந்தது. வரிசை திடலைத் தாண்டி வீதிக்குப் போனது. சமையல்காரர்கள் இன்னும் இரண்டு கிடாரம் உலை வைத்தார்கள். சோறு இருந்தது, பன்னிரண்டே முக்காலுக்குக் கோப்பை இல்லாமல் போனது. பரிமாறுகிறவர்கள் அகப்பையோடு சும்மா நின்றார்கள்.

யாரோ ஓடிப்போய் ஒரு கட்டு லஞ்ச் சீற் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். றிஷானா அதைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தார். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

"தங்கேஸ் அக்கா, இருநூறு பேருக்கு மட்டும் இதில குடுப்பமா? சனம் வெயிலுக்குள்ள நிக்குது. கோப்பை காணாது."

தங்கேஸ்வரி தன் ஆட்களைப் பார்த்தார். ஆறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொட்டிகளில் கழுவ ஒன்றுமில்லை. அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது.

"டீச்சர், கோப்பை காணாட்டி எங்கட கை ஏன் சும்மா இருக்கு? கழுவுற இடத்தில அடைப்பில்ல. அங்க பாருங்கோ."

திடலைச் சுற்றி, சாப்பிட்டு முடித்த சனம் கோப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்குவதையும், இவ்வளவு நேரமும் பெண்கள் கோப்பைகளை ஏற்றியதையும் ரசித்துப் பார்த்தபடி அங்கேயே இருந்துவிட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் எழும்ப வேண்டியவர்கள் இருபது நிமிடத்துக்கு மேலாகியும் எழும்பவில்லை.

"நாடகம் எத்தினை மணிக்கு?"

"மூண்டு மணிக்கு."

"இப்ப தொடங்கச் சொல்லுங்கோ. அந்தப் பக்கம், கடற்கரையோட. போற வழியில வழிக்கிற வாளியளை வையுங்கோ. சனம் நாடகத்துக்குப் போகேக்குள்ள கோப்பை தானா இஞ்ச வரும்."

றிஷானா ஓடினார். ஐந்து நிமிடத்தில் கடற்கரைப் பக்கம் மத்தளம் அதிர்ந்தது. அரைகுறை வேசத்தோடு நடிகர்கள் குதித்து வந்தார்கள். கடலாமையாக நடித்தவருக்கு ஆமை ஓட்டை முதுகில் கட்டக்கூட நேரமில்லை, கையிலேயே தூக்கிக்கொண்டு ஓடினார். சனம் எழும்பியது. எழும்பியவர்கள் போகிற வழியில் மிச்சத்தை வழித்து, தவிடு தூவித் துடைத்து, கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழ்த்தொட்டிக்கு ஐம்பது கோப்பை ஒன்றாக வந்து விழுந்த சத்தத்தில் தங்கேஸ்வரி, "வரட்டும், வரட்டும்!" என்று கத்திச் சிரித்தார்.

பிறகு கைகள் நிற்கவேயில்லை. தேய், அலசு, முக்கு, நிறுத்து. ஆறு பெண்களுக்கும் ஒரே தாளம் வந்துவிட்டது. வீதியில் நின்ற வரிசை திடலுக்குள் வந்தது, பிறகு பாதியானது. இரண்டே கால் மணிக்குக் கடைசி ஆள் சோறு வாங்கினார்.

றிஷானா ஒலிவாங்கியில் கணக்கு வாசித்தார். சாப்பிட்டவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். கோப்பைகள் நூற்றெண்பது. லஞ்ச் சீற் ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டு பிரிக்கப்படாமலே மேசையில் கிடந்தது. கம்பிக்கூட்டுக்குள் சில ஐஸ்கிரீம் குச்சிகளும், யாரோ தலையிடிக்குப் போட்ட குளிசையின் தாளும் மட்டும் கிடந்தன. சனம் விசில் அடித்தது. மூதூர்ப் படகுக்காரர்கள் துடுப்பால் படகில் தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து, குடும்பத்தோடு வந்திருந்த ஹோட்டல் மனேஜர் சிவகுருநாதன், வழித்த கோப்பையைக் கையில் ஏந்தியபடி தொட்டியடிக்கு வந்தார்.

"தங்கேஸ், அருமையான ஏற்பாடு. இதை எங்கட ஹோட்டல்லயும் செய்தா என்ன?"

"எட்டு வருசமாச் செய்யிறன், சேர். ஒருக்காப் பின்னால வந்து பாருங்கோ."

பக்கத்தில் நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மனேஜரும் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். அவர் நீட்டிய கோப்பையைத் தங்கேஸ்வரி வாங்கிக் கீழ்த்தொட்டியில் போட்டார்.

மேடைக்கு வரச் சொல்லி நிவேதிகா கையைப் பிடித்து இழுத்தாள். கை ஈரம் என்று மறுத்துப் பார்த்தார், விடவில்லை. ஈரக் கையோடே ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எனக்குப் பேச வராது. நான் இவ்வளவு நாளும் சனம் சாப்பிட்டு எழும்பினாப் பிறகு வந்தனான். இண்டைக்குச் சனம் சாப்பிடேக்குள்ளயே எங்களைப் பார்த்திச்சு. அதுதான் நான் நடுவில வையுங்கோ எண்டனான்."

ஒலிவாங்கியை நிவேதிகாவிடம் கொடுத்தார். கைதட்டல் ஓய நேரமெடுத்தது. கீழே நின்ற வினோதன் தலையைக் குனிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்த வாரத்தில் மனேஜர் உண்மையிலேயே பின்பக்கம் வந்தார். தொட்டிகளுக்கு மேல் கூரை போடப்பட்டது. ஹோட்டலின் தண்ணீர் முழுவதும் தங்கேஸ்வரியின் பொறுப்புக்கு வந்தது. சல்லிப் பெண்கள் ஆறு பேரும் கலைந்து போகவில்லை. சசிகரன் தொட்டிகளைக் கழற்றிப் பூட்டக் கூடியதாக மாற்றிக் கொடுத்தார்.

புரட்டாதியில் கிளிவெட்டிக் கோயில் அன்னதானத்துக்கு அவர்களை அழைத்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் தொட்டிகள் மூன்று, கோப்பை மூட்டைகள், தவிட்டுச் சாக்கு, அவற்றின் மேல் ஆறு பெண்கள். தங்கேஸ்வரி முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். வயல்களுக்கு நடுவே போகும்போது தொலைபேசி அடித்தது. குச்சவெளியில் ஒரு கலியாணம், திகதி கேட்டார்கள். பின்னாலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். தங்கேஸ்வரி இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினார்.

"ஓம், வாறம். எத்தினை பேர் சாப்பிடுவினம்?"