கடையில் சுகம், வீட்டில் மயக்கம்!

போன வாரம், ஜெர்மனியில் ஒரு பாலத்தின் நடுவில் என் கணவரின் லொறி காணாமல் போய்விட்டது.

பதறாதீர்கள். அவர் எங்கள் வீட்டு முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தார்... கையில் மவுஸோடு!

எஹலியகொட பக்கத்துத் தோட்டத்தில் அவர் பவுசர் டிரைவர். காலையிலிருந்து குண்டும் குழியுமான மலைப் பாதையில் ரப்பர் பால் ஏற்றி பெக்டரிக்குக் கொண்டுபோகிற மனிதர், வீட்டுக்கு வந்து குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு என்ன செய்வார்? கம்ப்யூட்டர் கேமில் லொறி ஓட்டுவார். "அங்க ஒரு பள்ளம் இருக்கா பாரு சாந்தி!" என்று எனக்கும் ரோட்டைக் காட்டுவார்.

அன்றைக்கு அந்த ரோடு திடீரென்று கறுத்துவிட்டது. பாலம் இல்லை, ஆறு இல்லை, லொறியும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே திரும்ப ஸ்டார்ட் ஆனது.

"மழைக்கு கரன்ட் போயிருச்சி" என்றார். தலைக்கு மேலே லைட் எரிந்துகொண்டிருந்தது!

சிரித்துவிட்டு மறந்தோம். மறுநாள் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் உண்மையில் எங்கள் மகள் துளசியுடையது. கோர்ஸ் முடித்துவிட்டு, கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கலாம் என்று தொடங்கியிருக்கிறாள். கூடப் படித்த தோழி மூலமாக, மாவனல்லையில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் கிடைத்தது. அதுதான் முதல் வேலை. பாதி முடித்தும் விட்டாள். மறுநாள் காலை அதைப் போட்டுப் பார்த்தால்... மாப்பிள்ளை காரிலிருந்து ஒரு காலை வெளியே வைக்கிறார், ஸ்கிரீன் கறுப்பு. திரும்பப் போட்டாள். அந்த ஒரு கால்... கறுப்பு! மாப்பிள்ளையால் காரை விட்டு இறங்கவே முடியவில்லை.

டைப் அடித்தால் ஒன்றும் ஆகாது. பாட்டு கேட்டால் ஆகாது. வீடியோ ஓடினாலோ கேம் விளையாடினாலோ மட்டும் மயக்கம் போட்டு விழுந்தது.

துளசி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் அந்த கேம்னால வந்தது. மெஷின சூடாக்கி சூடாக்கி கெடுத்துட்டீங்கப்பா."

"நான் மெதுவாத்தானே பாப்பா ஓட்டுறேன்..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் அம்மா, ஃபரீதா ஆன்ட்டி, போன் பண்ணினார். "மகள், மாப்பிள்ள திங்கக்கிழம கட்டார் போறார். ஞாயித்துக்கிழம வீட்டாக்கள் எல்லாரும் சேர்ந்து பார்க்கிறதுக்கு இருக்கிறோம். தருவீங்கதானே?"

"தருவேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தவள், என்னிடம் வந்தாள். "அம்மா, இது சரிவரலன்னா நான் கொழும்புக்கு போறேன். மாமாவோட கடையில கேஷ் மெஷின்ல ஒக்காந்துக்கிறேன். மொத வேலையே முடிக்காதவளுக்கு ரெண்டாவது வேல யாரு தருவாங்க?"

அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற அம்மா நான். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது.

பிறகு என்ன? வீடு ஆஸ்பத்திரி ஆனது. தோட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் டாக்டர்களுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு அண்ணி வைரஸ் என்றார். துளசி வைரஸும் தேடினாள். இல்லை. நான் தூசி என்றேன். பெயின்ட் பிரஷ் எடுத்து உள்ளேயெல்லாம் தட்டினேன். தூசி வந்தது, மயக்கம் போகவில்லை. என் கணவர் போய் உட்கார்ந்து, தன் கேமைத் தானே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு எழுந்து வந்தார்.

"போகட்டும். புள்ளையோட வேலைதான் முக்கியம்."

அப்போதும் மாப்பிள்ளை காரை விட்டு இறங்கவில்லை.

சிபியு பெட்டியைத் துணியில் சுற்றி, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு நானும் அவளும் டவுனுக்குப் போனோம். ரிப்பேர் கடைக்காரர் சமிந்த, நிதானமான இளைஞர். மேசையில் வைத்தார். வயர்களைப் பூட்டினார். துளசி கொடுத்த வீடியோவைப் போட்டார். மாப்பிள்ளை ஜம்மென்று காரை விட்டு இறங்கி, மண்டபத்துக்குள் போய், கல்யாணமே முடிந்துவிட்டது!

"மேக்க ஹொந்தய், நங்கி" என்றார் சமிந்த சிங்களத்தில். நல்லாத்தான் இருக்கிறதாம் தங்கச்சி.

சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் பூட்டினோம். கறுப்பு.

மறுநாள் திரும்பவும் கடை. இந்தத் தடவை சமிந்த பெட்டியைக் கழற்றினார். உள்ளே காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். எதையோ கழற்றித் துடைத்து மாட்டினார். தன்னிடமிருந்த கார் ரேஸ் கேமையும் போட்டு ஓட்டிப் பார்த்தார். ஒரு மயக்கம் இல்லை, விக்கல் இல்லை. அங்கே ராஜா மாதிரி ஓடிய பெட்டி, எங்கள் வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் விழுந்தது.

துளசி போனில் சொன்னபோது சமிந்த கேட்டாராம்... "கெதர பூதயெக் இன்னவத?" வீட்டில் பேய் ஏதும் இருக்கா என்று!

நான் சிரித்தேன். அவளால் முடியவில்லை. உள்ளே போய்ப் பையை எடுத்து உடுப்புகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு மழையில் எங்கேயோ வெளியே போனார். நான் அரிசி களையப் போனேன். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் அதைத்தான் செய்வேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா, கடைக்கு நாம என்னென்ன கொண்டு போனோம்?"

"பெட்டியத்தான்."

"அப்போ எதை எல்லாம் கொண்டு போகல?"

கையிலிருந்த சேலையைப் பையின் மேலேயே போட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "ஸ்கிரீன் கெட்டுருந்தா படம் மட்டுந்தான் போவும், மெஷின் ஏன் திரும்ப ஸ்டார்ட் ஆவுது? கீபோர்ட், மவுஸ்... சே, அதுங்களா இருக்காது." குனிந்து மேசைக்கு அடியில் போனாள். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே தெரிந்த பிளக்கின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா! சுடுது!"

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். அதன் பின்களில் ஒன்று அடியில் பழுப்பேறிக் கருகியிருந்தது. லேசாக அசைத்தால் ஆடியது. கடையில் அவர் பூட்டியது அவருடைய வயர்... எங்கள் வயர் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை! சும்மா டைப் அடிக்கும்போது அந்த லூஸ் பிளக் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. வீடியோவும் கேமும் கூடுதலாகக் கரன்ட் இழுக்கும்போது கைவிட்டிருக்கிறது.

வேறு வயருக்கு எங்கே போவது? துளசி நேராகக் குசினிக்குள் வந்தாள். என் ரைஸ் குக்கரைப் பார்த்தாள்.

"ஏய், அரிசி போட்டாச்சுடி!"

"அதே வயர்தாம்மா!"

சொல்லிக்கொண்டே உருவிக்கொண்டு ஓடினாள். பூட்டினாள். வீடியோவைப் போட்டாள். நான் ஈரக் கையோடு நின்றேன். மாப்பிள்ளை ஒரு காலை வைத்தார்... அடுத்த காலையும் வைத்தார்... நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்! ஊரார் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் நடப்பதைப் பார்த்து நான் கைதட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

என் கணவர் நனைந்துபோய் வந்தார். பெக்டரி எலக்ட்ரீஷியனைத் தேடிப் போயிருந்தாராம், ஆள் லீவாம். துளசி அதற்குள் கேமைத் திரும்ப ஏற்றி வைத்திருந்தாள்.

"அப்பா, வந்து ஒக்காருங்க. வீடியோவ விட கேம்தான் மெஷினுக்கு பாரம். நீங்க ஓட்டிப் பாத்து சொன்னாத்தான் நம்புவேன்."

அவர் அவளைப் பார்த்தார். "சூடாகிடாதா?"

"அது ஒங்களால சூடாகலப்பா. நான்தான் அவசரப்பட்டு சொல்லிட்டேன்."

மனிதர் உட்கார்ந்தார். நல்ல பிள்ளையாக சீட் பெல்ட் எங்கே என்று தேடாத குறைதான்! ஒரு நாட்டைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய் லோடு இறக்கும்வரை நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம். குக்கருக்கு வயர் இல்லாததால் அன்றைக்குப் பாணும் பருப்பும்தான். மூன்று பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே சாப்பிட்டோம்.

சனிக்கிழமையே வீடியோ மாவனல்லைக்குப் போய்விட்டது. ஞாயிறு பின்னேரம் ஃபரீதா ஆன்ட்டி பேசினார். எல்லாருக்கும் நல்ல சந்தோஷமாம். ஒரே ஒரு குறை. "மகள், என்னை ரெண்டு தரம் மட்டுந்தானே காட்டியிருக்கிறீங்க!" மச்சாள் வீட்டுக் கல்யாணத்துக்கும் துளசியிடமே சொல்லச் சொல்லியிருக்கிறாராம். அன்றைக்கு அவள் பையிலிருந்த உடுப்புகளை அலுமாரியில் திரும்ப அடுக்கினாள். நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

யோசித்துப் பார்த்தால்... வீட்டில் எது பழுதானாலும் நாம் முதலில் யாரைச் சந்தேகப்படுகிறோம்? கடைசியாக அதை வைத்துச் சந்தோஷமாக இருந்தவரைத்தானே! டீவி கெட்டால் கிரிக்கெட் பார்த்தவர். போன் கெட்டால் சிரித்துச் சிரித்துப் பேசியவர். மூலையில் சத்தமில்லாமல் கருகிக்கொண்டிருப்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

உங்கள் வீட்டிலும் ஏதாவது அடிக்கடி மயங்கி விழுகிறதா? சிரித்துக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு, முதலில் வயரைப் பாருங்கள் — சுவிட்சை அணைத்துவிட்டு!