மாமாவின் விரியாத விரல்கள்

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு மாமாவுக்கு மிஞ்சியது ஒரு வீச்சுவலையும் முறிந்த வலது கையும்தான். வலை வாவிக்கரைப் பக்கம் காய்ந்துகொண்டிருந்ததால் தப்பியது. கையில் போட்ட பிளாஸ்டரை வெட்டி எடுத்தபோது சதை வற்றி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் பொத்தியபடியே கிடந்தன.

எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் ஆளின் பலத்தை வலை இழுக்கும் பிடியில்தான் அளப்பார்கள். ஆகவே நாங்கள் தங்கியிருந்த அகதி முகாமுக்கு நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கைக்குள் தங்கள் விரலை நுழைத்து, "எங்க, இறுக்கிப் பிடி பாப்பம்" என்றார்கள். மாமா இறுக்கினார். "பயமில்ல, பழைய பிடி அப்படியே இருக்கு!" என்று மகிழ்ந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா தன் பங்குக்கு, நிவாரணப் பொதியில் வந்த ரப்பர் பந்தைக் கொடுத்து நாள் முழுக்க நசுக்கச் சொன்னார்.

ஆனால் இழுப்பதற்கு முன்னால் வலையை வீச வேண்டுமே! சுழற்றி எறியும் கணத்தில் விரல்கள் விரிந்து அதை விட்டுவிட வேண்டும். மாமா மணலில் வீசிப் பார்த்தார். வலை நனைந்த சாக்குப்போலக் காலடியில் தொப்பென்று விழுந்தது.

"வலைய வித்துப்போட்டு வேற தொழிலப் பார் தம்பி" என்றாள் அம்மா. மாமா வலையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

பிறகு ஒரு நாள், கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ மிஸ் ஒருவர் முகாமுக்கு வந்தார். சண்டையில் காயப்பட்ட எத்தனையோ கைகளைப் பார்த்தவர். பந்தைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆர் இதக் குடுத்த? தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. பொத்துற தசை கைக்கு உள்பக்கம், விரிக்கிற தசை புறப்பக்கம். ஒண்டு இழுக்கக்குள்ள மத்தது இளகிக் குடுக்கணும். நீங்க எல்லாரும் சேர்ந்து உள்பக்கத்தையே வளத்து வெச்சிருக்கீங்க!"

அப்பா மெல்ல வெளியே நழுவினார். பந்து எனக்கு வந்தது.

அதன்பின் மாமா கையைச் சுடுதண்ணியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை விரித்தார். பொத்துவதைவிட விரிப்பதற்குத்தான் அவருக்கு அதிகம் வியர்த்தது. சும்மா விடுவதற்கு இவ்வளவு பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இறுகிய தசை இளகுவதற்கும் சக்தி செலவாகும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

ஒரு காலையில் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு வாவிக்குப் போனார். முழங்காலளவு தண்ணீரில் நின்று வீசினார். வலை கையை விட்டுப் பறந்து, வட்டமாக விரிந்தது. ஈயக் குண்டுகள் எல்லாம் ஒன்றாகத் தண்ணீரைத் தொட்டன. இழுத்துப் பார்த்தால் ஒரு மணலை மீன் குஞ்சுகூட இல்லை. மாமா தன் வலது கை விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, அந்த வெறும் வலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

எனக்கு மனம் தாளவில்லை. தண்ணீருக்குள் இறங்கி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க மாமா, நாளைக்கு மீன் படும்" என்று தேற்றினேன்.