ஜுரத்தோடு வந்த தாய்மாமன்

உகாண்டாவில் கை குலுக்கினால் உடனே விடமாட்டார்கள். பேச்சு முடியும்வரை நம் கை அவர்கள் கைக்குள்ளேயே இருக்கும். போர்வெல் லாரியில் என்னோடு வேலை செய்யும் மோசஸ் முதல் நாள் அப்படிப் பிடித்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் என்று நினைத்து அன்று முழுக்க விலகியே நின்றான். எபோலா வந்ததும் எல்லாரும் என்னைப்போல ஆனார்கள். குளோரின் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு தூர நின்றே தலையாட்டினோம். இப்போது நோய் ஓய்ந்துவிட்டது. மோசஸ் மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். விட்டதை விட்ட இடத்திலேயே எடுத்துக்கொள்கிற இவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நோய் இருந்த நாளில்தான் ஊருக்குப் போயிருந்தேன். கச்சிராயபாளையத்தில் என் தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள், அவன் வாங்கித்தந்த கம்மலைத்தான் போடுவார்கள். செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். பள்ளியைப் பாதியில் விட்டு, உளுந்தூர்பேட்டையில் லாரி கழுவி, எங்கெங்கோ அலைந்தவன் நான். இந்த ஓர் இடத்தை மட்டும் யாரும் எடுக்கமுடியாது என்று நம்பியிருந்தேன்.

விமான நிலையத்தில் எங்களைச் சோதித்த நர்ஸம்மா விளக்கமாகச் சொல்லி அனுப்பினார். மூன்று வாரம் தினமும் காய்ச்சல் பார்க்கவேண்டும். வந்துவிட்டால் மாத்திரை போட்டு மறைக்கக்கூடாது, கூட்டத்துக்குள் போகக்கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடாமல், முதலில் போன் செய்து எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்று சொல்லவேண்டும்.

காதுகுத்து அன்று விடியும்போது உடம்பு கொதித்தது. மலேரியா எனக்குப் பழகிய ஜுரம்தான். ஆனால் எபோலாவும் அதே மாதிரிதான் தொடங்கும். நாங்கள் கடைசியாகப் போர்வெல் போட்ட ஊரில் எபோலா இருந்தது. யாரையும் தொடாமல் கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் போய், விமான நிலையத்தில் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். வண்டி வரும், அங்கேயே இருங்கள் என்றார்கள். பிறகு செல்வியைக் கூப்பிட்டேன்.

"ஒரு மாத்திரை போட்டுக்கினு வாண்ணா. குத்துற நேரம் மட்டும்தான?"

"ஒக்காரப்போறது உம் பொண்ணு, செல்வி."

"அப்ப குமார ஒக்கார வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

குமார் எங்கள் பெரியப்பா மகன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் உலகம் இருப்பதையே நம்பாதவன். சரி என்று சொல்லாமலே போனை வைத்தேன். சற்று நேரத்தில் கரும்புக்கு மேலே ஒலிபெருக்கி கேட்டது. தாய்மாமன் குமார் மேடைக்கு வரவும் என்று கூப்பிட்டார்கள். மைக் திறந்தே இருந்ததால் குழந்தை வீறிட்டது கேட்டது. அவன் அவளைச் சமாதானப்படுத்தியதும், அவள் அழுகையை நிறுத்தியதும் கேட்டது. நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். மலேரியா என்று தெரிந்ததும் வந்த நிம்மதி, குமார் போன் செய்யும்வரைதான் நின்றது.

"கம்மலு உன்னிது, மடி என்னிது. இன்னாண்ணா, பங்கு சரியாப் போச்சா?" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். குழந்தை இப்போது அவனைக் கண்டால்தான் தாவுகிறது. ஒருமுறை குத்திய காதை எனக்காக யாரும் மறுபடி குத்தப்போவதில்லை.

என்னைப்போல வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்த நர்ஸம்மா சொன்னபடியே செய்யுங்கள். செய்தால் மனசு ஆறிவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

போன வாரம் செல்வி ஆல்பத்தைப் படமெடுத்து அனுப்பினாள். வராத சொந்தக்காரர்களை ஸ்டூடியோக்காரர் படத்தில் ஒட்டிச் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பழைய பாஸ்போர்ட் போட்டோவைக் குமாருக்குப் பின்னால் சேர்த்து, நான் போட்டேயிராத ஒரு கோட்டும் மாட்டியிருந்தார். குமார் மடியில் குழந்தை. நான் மார்பு வரைதான் இருந்தேன். மிச்ச உடம்பு இங்கே, உகாண்டாவின் செம்மண் சேற்றில் முழங்கால்வரை இறங்கி நிற்கிறது. எட்டிப் பார்த்த மோசஸ், "நல்ல கோட்டு" என்றான். என் கையை அவன் இன்னும் விடவில்லை.