சண்டை வராத பங்கர்

2009 வைகாசி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருக்கும் டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில் இருந்து காரில் வெளிக்கிட்டோம். வன்னியில் சண்டை முடிந்து ஒரு கிழமை ஆகவில்லை. அங்கே அகப்பட்டிருந்த என் தங்கச்சி பூரணத்தின் குரலைச் சித்திரைக்குப் பிறகு நான் கேட்கவில்லை. உயிரோடு இருந்தால் என் போனுக்குத்தான் எடுப்பாள். அவளுக்கு மனப்பாடமான இலக்கம் அது ஒன்றுதான். வீட்டில் அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று மருமகன் சிவா என்னைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

மேற்கே அறுபது கிலோமீற்றர். ரிங்கோபிங் தாண்டி, கடலுக்குக் கொஞ்சம் முன்னால், மாடு மேயும் புல்வெளியில் சாம்பல் நிறக் கொங்கிறீட் பங்கர்கள் பாதி புதைந்து கிடந்தன. கடல் வழியாக எதிரி வந்து இறங்குவான் என்று இரண்டாம் உலகச் சண்டையில் ஜேர்மன்காரர் கட்டியவை. இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தேன், சுவரின் கனம் அதைவிடக் கூட. கூரைமேல் புல். வாசலில் சாணி.

நிலத்துக்காரர் வேலியைத் திறந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். சிவா அவரோடு டேனிஷில் கதைத்துவிட்டு எனக்குச் சொன்னார்.

"உடைக்க ஏலாதாம் மாமி. இவரின்ரை தகப்பன்காரன் வெடி வைச்சுப் பாத்தும் அசையேல்லையாம்."

"இதுக்குள்ளை எத்தினை பேர் செத்தது எண்டு கேளுங்கோ."

கேட்டார். கிழவர் இல்லை என்று தலையாட்டினார்.

"ஒருத்தரும் சாகேல்லையாம். எதிரி இந்தப் பக்கம் வரவே இல்லையாம். சண்டை முடிய, உள்ளுக்கை இருந்தவங்கள் நடந்து ஊருக்குப் போட்டாங்களாம்."

பூரணம் கடைசியாக எடுத்தபோது தங்கள் பங்கரைப் பற்றித்தான் சொன்னாள். நெஞ்சளவு ஆழத்துக்கு வெட்டிய கிடங்கு, மேலே பனங்குற்றி. சாக்கு இல்லாமல் சேலைகளைப் பையாகத் தைத்து, மண் நிரப்பி அடுக்கினார்களாம். "கலியாணக் கூறைச்சீலையும் அதுக்குள்ளை போட்டுது அக்கா" என்று சிரித்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ மாமி, ஒருக்கால் பாப்பம்."

"உள்ளுக்கை லைன் இருக்காது. நீங்கள் போங்கோ."

அவர் டோர்ச் அடித்துக்கொண்டு போனார். வெளியிலும் போனில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. மேட்டுப் பக்கத்தால் கூரைக்கு ஏறப் போனேன். கிழவர் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஏறினேன். மேலே காற்று ஆளைத் தள்ளியது. கோடு மூன்றானது. அப்படியே நின்றேன்.

போன் அடித்தது. வீட்டில் இருந்து மகள்.

"அம்மா, சின்னம்மா எடுத்தவவோ?"

"இல்லை."

"எங்கை நிக்கிறியள்? ஒரே காத்துச் சத்தம்."

"வையடி பிள்ளை. அவள் எடுத்தால் லைன் பிசி எண்டு சொல்லும்."

சிவா வந்து கூப்பிடும் வரை இறங்கவில்லை. ஒருவரும் ஒளிக்க வேண்டி வராத இடத்தில் இவ்வளவு கொங்கிறீட். இதில் ஒரு துண்டு என் தங்கச்சியின் தலைக்கு மேல் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன். ஹேர்னிங் வந்து சேரும் வரை வேறு ஒருவரும் எடுக்கவில்லை.